நீலப் பிள்ளையும் களவாணி டாக்டர்களும்

கிருஷ்ணன் நீலமாக இருந்தால் அவதாரம். கிருஷ்ணன்கோவிலில் ஒரு வீட்டுப் பிள்ளை நீலமாக இருந்தால் 108 வண்டி. இந்த வித்தியாசம் எங்கள் பக்கத்தில் ரொம்ப காலம் யாருக்கும் உறைக்கவில்லை. உதடும் நகமும் நாவல்பழ நிறத்தில் இருந்தால், பயல் நாவல்பழம் தின்றிருக்கிறான் என்றார்கள். பழக்காலம் முடிந்தும் நிறம் போகவில்லை. நாலு எட்டு நடந்ததும் மூச்சு வாங்கிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்ளும் பிள்ளையைச் சோம்பேறி என்றார்கள். அப்படி உட்கார்ந்தால் நுரையீரலுக்குக் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் போகும். யாரும் சொல்லித் தராமலே அந்தப் பிள்ளை கண்டுபிடித்த வைத்தியம் அது.

பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரான பெரியாழ்வார், யசோதையாகவே மாறி அந்த நீலப் பயலைக் குளிப்பாட்டினார், பூச்சூட்டினார், காது குத்தினார், திருஷ்டி கழித்தார். நகம் ஏன் இப்படி இருக்கிறது என்று டாக்டரிடம் மட்டும் காட்டவில்லை. அவரைக் குற்றம் சொல்லி என்ன? அவர் காலத்தில் எக்கோ ஏது?

எங்கள் பெரியம்மா பேரன் நீலமில்லை; நல்ல கறுப்பு. ஆறு வயது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைச் சோதிக்க வந்த டாக்டரம்மா நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, மறுபடியும் கேட்டுவிட்டு, மூன்றாம் தரமும் கேட்டார். லப்டப்புக்கு நடுவே குழாயில் காற்று இழுப்பது போல ஒரு சத்தம். மதுரைக்குப் போய்ப் பார்த்ததில் இதயத்தின் மேல்மாடி இரண்டு அறைகளுக்கும் நடுச்சுவரில் ஓட்டை. காப்பீட்டு அட்டையைக் காட்டி, தொடை வழியாகக் கம்பி விட்டு, ஓட்டையை அடைத்து, மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். கூட்டிவரப் போனது நான்.

திருமங்கலம் தாண்டியதும் பெரியம்மா ஆரம்பித்தாள். மூன்று நாளாக அடக்கிவைத்திருந்த கேள்வி.

“ஏய்யா, நெஞ்சுல ஓட்டைன்னா நெஞ்சத் தொறப்பாங்க. தொடையில நொழைஞ்சு நெஞ்சுக்குப் போகலாம்னு மொதமொதல்ல எந்தப் பயலுக்குத் தோணுச்சு?”

“ஒரு ஜெர்மன்காரனுக்கு. ஆனா அவன் தொடையில போகல, கையில போனான். அதுவும் தன் கையிலயே.”

“கோட்டியா?”

பாதி உலகம் அப்படித்தான் நினைத்தது. 1929. பெர்லினுக்கு வடகிழக்கே எபெர்ஸ்வால்டே என்ற சிற்றூர் ஆஸ்பத்திரி. வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இருபத்துச் சில்லறை வயதுப் பயிற்சி டாக்டர். பழைய பிரெஞ்சுப் படம் ஒன்றைப் பார்த்திருக்கிறார்: ஒரு குதிரையின் கழுத்து ரத்தக்குழாய் வழியாக அதன் இதயத்துக்குள் குழாய் விட்டு நிற்கிறார்கள், குதிரை பேசாமல் நிற்கிறது. குதிரைக்கு முடிந்தது மனிதனுக்கு முடியாதா என்று தலைமை டாக்டரிடம் கேட்டார். முடியாது என்றார் அவர். என் மேலேயே செய்துகொள்கிறேனே என்றார் இவர். அதுவும் கூடாது, உன் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது என்றார் அவர்.

தலைமை டாக்டர் கூடாது என்றால் என்ன செய்வது? கருவிப் பீரோ சாவி வைத்திருப்பவரைப் பிடிப்பது. சாவி, கெர்டா டிட்சன் என்ற நர்ஸிடம் இருந்தது. நம் ஆள் அந்தம்மாவிடம் பேசுகிறார், புத்தகம் கொடுக்கிறார், சாப்பிடக் கூப்பிடுகிறார். கடைசியில் அந்தம்மாவே, என் மேல் செய்து பாருங்கள் என்று சொல்லும் அளவுக்குக் கரைத்துவிட்டார். ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரி கண்ணயரும் நேரம். அந்தம்மாவை மேசையில் படுக்கவைத்துக் கையையும் காலையும் கட்டினார். முழங்கை மடிப்பில் மருந்து தடவினார்.

“கட்டிப்போட்டானா? யசோத உரல்ல கட்டுனாப்லயா?”

“அங்க களவாணியக் கட்டுனாங்க. இங்க களவாணி கட்டுனான்.”

கட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி, தன் இடக்கையைக் கீறி, சிறுநீர் அடைப்புக்குப் போடும் ரப்பர் குழாயை எடுத்துத் தன் ரத்தக்குழாய்க்குள் செலுத்திவிட்டார். குழாய் பாதி உள்ளே போன பிறகுதான் நர்ஸுக்கு விஷயம் தெரிந்தது. அந்தம்மா போட்ட சத்தத்தில் அவருக்கே பயம் வந்திருக்க வேண்டும். கட்டை அவிழ்த்து, எக்ஸ்ரே அறைக்குச் சொல்லச் சொன்னார். குழாய் கையில் தொங்க, படியிறங்கி எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போனார். அங்கே ஒரு சிநேகிதர் ஓடிவந்து குழாயைப் பிடுங்கப் பார்த்தார். அவர் காலில் எட்டி ஓர் உதை. நர்ஸம்மா கண்ணாடி பிடிக்க, அதில் பார்த்துக்கொண்டே மிச்சக் குழாயையும் தள்ளினார். 65 சென்டிமீட்டர். நுனி இதயத்தின் வலது மேலறையில். படமும் எடுத்தாயிற்று.

தலைமை டாக்டர் முதலில் குதித்தார். படத்தைப் பார்த்ததும் ஒயின் கடைக்குக் கூட்டிப்போனார். அந்த ஊரில் மன்னிப்பு அப்படித்தான் போல.

அடுத்து வேலைக்குப் போன பெர்லினின் பேர்போன சாரிட்டே ஆஸ்பத்திரியில் அந்த மன்னிப்பு கிடைக்கவில்லை. அங்கே பெரிய தலை சாவர்புரூக். இந்த வித்தையெல்லாம் சர்க்கஸுக்கு லாயக்கு, கௌரவமான ஆஸ்பத்திரிக்கு இல்லை என்கிற ரீதியில் பேசி வெளியே அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகும் ஃபோர்ஸ்மன் விடவில்லை. நாய்களுக்குக் குழாய் விட்டுப் பார்த்தார். நாய்களை வளர்த்தது அவர் அம்மா, தன் வீட்டில். மயக்க ஊசி போட்டு, உருளைக்கிழங்குச் சாக்கில் நாயைக் கட்டி, மோட்டார் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவாராம். அது ராஜபாளையம் நாயாக இருந்திருந்தால் இதய மருத்துவ வரலாறு அந்தச் சாக்கின் வாயோடு முடிந்திருக்கும்.

பிறகு அவர் பாதை கோணிவிட்டது. 1932இலேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தார். இதை மறைத்து அவரை மகான் ஆக்கத் தேவையில்லை. போர், சிறை, கிராமத்து வைத்தியம் என்று போய்க் கடைசியில் சிறுநீரக டாக்டராக உட்கார்ந்துவிட்டார். அவர் விட்ட குழாயை நியூயார்க்கில் கூர்னான், ரிச்சர்ட்ஸ் என்ற இருவர் கையிலெடுத்து ஒழுங்கான சாஸ்திரமாக்கினார்கள். 1956இல் மூவருக்கும் நோபல் பரிசு.

“அந்த நர்சு பிள்ளைக்கு?”

“இல்ல பெரியம்மா.”

“சாவி குடுத்தது அவ. கட்டுல கெடந்தது அவ. கண்ணாடி பிடிச்சதும் அவ.” பெரியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச தூரம் என்னோடு பேசவில்லை. நோபல் கமிட்டியில் நான்தான் இருந்தேன் என்பது போல.

பேரன் நடுவில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தான். காலை நீட்டி வை, மடக்காதே என்று நொடிக்கொரு தரம் அவனுக்கு உத்தரவு போய்க்கொண்டே இருந்தது.

குழாய் இதயத்துக்குள் போய்விட்டது, சரி. போய் வேலை பார்க்க இன்னும் பல வருஷம் இருந்தது. அதுவரை பிள்ளைகளின் இதயத்துக்கு ராஜகோபுர வாசல் ஒன்றுதான்: நெஞ்சைத் திறப்பது. அந்த வாசலைத் திறந்தவரும் உத்தரவு கேட்காதவர்தான். பாஸ்டனில் ராபர்ட் கிராஸ். வயிற்றில் இருக்கும்போது பிள்ளைக்கு ஒரு குறுக்குக் குழாய் உண்டு. நுரையீரலுக்குப் போக வேண்டிய ரத்தத்தைச் சுற்றுவழியில் அனுப்பும். பிறந்த சில நாளில் தானாக மூட வேண்டும். மூடாவிட்டால் நுரையீரலில் வெள்ளம். அதைக் கட்டிவிடலாம் என்றார் கிராஸ். தொடாதே என்றார் மேலதிகாரி லாட். லாட் விடுமுறைக்குக் கப்பலேறினார். 1938 ஆகஸ்ட் 26, கிராஸ் ஒரு ஏழு வயதுச் சிறுமிக்கு அதைக் கட்டி முடித்துவிட்டார். சிறுமி பிழைத்தாள், நெடுங்காலம் வாழ்ந்தாள். லாடுக்கும் கிராஸுக்கும்தான் அதற்குப் பிறகு ஒத்துவரவில்லை. வெண்ணெய்ப் பானையை உறியில் கட்டிவிட்டு ஊருக்குப் போனால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

அதே கிராஸிடம் பால்டிமோரிலிருந்து ஹெலன் டாசிக் என்ற டாக்டரம்மா வந்து, நீலக் குழந்தைகளுக்கு நுரையீரலுக்கு ரத்தம் போதவில்லை, நீங்கள் மூடுகிற குழாயைப் போல ஒன்றைப் புதிதாகச் செய்து தர முடியுமா என்று கேட்டார். மூடுவதுதான் என் தொழில், உண்டாக்குவதல்ல என்று அனுப்பிவிட்டார். களவாணிக்கும் ஒருநாள் அதிகாரி மிடுக்கு வந்துவிடுகிறது பாருங்கள். டாசிக்குக்குக் காது மந்தம். நெஞ்சில் விரலை வைத்தே இதய முணுமுணுப்பைப் படிப்பார். ஊருக்குத் திரும்பி பிளாலாக் என்ற அறுவை மருத்துவரைப் பிடித்தார். பிளாலாக்கிடம் விவியன் தாமஸ் என்ற உதவியாளர் இருந்தார். கறுப்பர், கல்லூரிக்குப் போகாதவர், சம்பளப் பட்டியலில் பெருக்குகிறவர் வரிசையில் இருந்தவர். அந்த அறுவையை நாய்களில் செய்து செய்து பழகியவர் அவர்தான். 1944 நவம்பர் 29, பதினைந்து மாதப் பெண்குழந்தை மேசையில். பிளாலாக் முதுகுக்குப் பின்னால் முக்காலி போட்டு ஏறி நின்று, இப்படிப் பிடியுங்கள், ஊசியை அந்தப் பக்கம் திருப்புங்கள் என்று தாமஸ் சொல்லச் சொல்ல, பிளாலாக் தைத்தார்.

“பேரு யாருக்கு?”

“பிளாலாக், டாசிக்.”

“முக்காலியில நின்னவனுக்கு?”

“ரொம்ப வருஷம் கழிச்சு.”

“ம்.”

இந்த டாசிக்கிடம் போய்ப் படித்தவர்களில் ஒருவர் பர்மாவில் பிறந்த சிவராமகிருஷ்ண ஐயர் பத்மாவதி. 1954இல் டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் இதயத்துக்குக் குழாய் விடும் கூடத்தைத் தொடங்கியவர். 103 வயது இருந்தார். பெரியம்மா இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு நர்சும் முக்காலிக்காரனும் ஏமாந்த கணக்கில் ஏதோ கொஞ்சம் நேரானது போல.

தே.கல்லுப்பட்டியில் டீ. அங்கே கதை அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போனது. சார்லஸ் டாட்டர், போர்ட்லண்ட். கிடார் கம்பியையும் ஃபோக்ஸ்வேகன் காரின் ஸ்பீடாமீட்டர் கேபிளையும் பார்த்து, இதை ரத்தக்குழாயில் விட்டால் என்ன என்று யோசித்த ஆள். 1964இல் ஒரு மூதாட்டியின் காலில் அடைத்திருந்த குழாயைக் கத்தியில்லாமல் திறந்துவிட்டார். அறுவை டாக்டர்கள் அவரிடம் நோயாளியை அனுப்பும்போது, படம் மட்டும் எடு, சரிசெய்யப் பார்க்காதே என்று சீட்டில் எழுதியே அனுப்புவார்களாம். கிறுக்குச் சார்லி என்று பட்டப்பெயர். அவர் வழியில் சூரிச்சில் குரூன்ட்சிக் வீட்டுச் சமையலறை மேசையில் பலூன் ஒட்டி ஒட்டிப் பார்த்து, 1977இல் இதயக் குழாய் அடைப்பைத் திறந்தார். அவரிடம் போய் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டு சென்னைக்கு வந்தவர் மாத்யூ சாமுவேல் களரிக்கல். இதெல்லாம் பெரியவர்கள் சமாச்சாரம், வேகமாகக் கடந்துவிட்டேன். டீயும் ஆறிவிட்டது.

பிள்ளைகள் சமாச்சாரத்தில் நான் கும்பிடுகிற களவாணி வில்லியம் ராஷ்கிண்ட். பிலடெல்பியா, 1966. அவர் செய்ததைப் புரிய வைக்க எனக்கு எங்கள் ஊரே போதுமாக இருந்தது.

“பெரியம்மா, மதுரை–ராஜபாளையம் பஸ் ஒரு ரோட்டுல ஓடுது. வத்திராயிருப்பு பஸ் இன்னொரு ரோட்டுல ஓடுது. ரெண்டும் எங்க சந்திக்குது?”

“நம்மூர்லதான்.”

“நம்மூரே இல்லன்னா?”

“வத்திராயிருப்புக்காரன் எப்படி மதுரை போவான்?”

அதுதான் நோய். சில பிள்ளைகளுக்கு இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய குழாய்களும் இடம் மாறிப் பிறந்துவிடும். உடம்புக்குப் போய்வரும் ரத்தம் உடம்புக்கே சுற்றுகிறது. நுரையீரலுக்குப் போய்வருவது நுரையீரலுக்கே சுற்றுகிறது. ஒரு பஸ்ஸில் பிராணவாயு என்ற பயணி இறங்கவே இடமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறார். இன்னொரு பஸ் காலியாக ஓடுகிறது. பிள்ளை பிறந்த சில மணி நேரத்தில் நீலம். அந்தக் காலத்தில் பெரும்பாலான பிள்ளைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. நெஞ்சைத் திறந்து வழி உண்டாக்கலாம். ஆனால் பிறந்த இரண்டாம் நாள் பிள்ளை அதைத் தாங்க வேண்டுமே.

ராஷ்கிண்ட் ஒரு கிருஷ்ணன்கோவிலை உண்டாக்கினார். பிறந்த பிள்ளைக்கு மேலறைகளின் நடுச்சுவரில் சின்னக் கதவு ஒன்று மூடியும் மூடாமலும் இருக்கும். தொடை வழியாகக் குழாயை அனுப்பி, அந்தக் கதவிடுக்கில் நுழைத்து, இடது மேலறைக்குப் போனதும் நுனியில் இருக்கும் பலூனை ஊதினார். ஊதிவிட்டு வெடுக்கென்று ஒரு இழு. சுவர் கிழிந்தது. ரெண்டு பஸ்ஸும் ஒரே நிறுத்தத்தில் நின்றன. பிராணவாயு இறங்கி மாறி ஏறினார். பிள்ளையின் உதடு கண்ணெதிரிலேயே நீலத்திலிருந்து சிவப்புக்கு வந்தது.

நுணுக்கமான மருத்துவம் என்று சொல்கிறார்கள். அதன் உச்சக்கட்டம், பச்சைப்பிள்ளையின் இதயத்துக்குள் ஒரு இழு இழுப்பது. பம்பரத்துச் சாட்டையை இழுக்கிற அதே இழுப்பு. மெதுவாக இழுத்தால் கதவு விரிந்து மறுபடி மூடிக்கொள்ளும். சுண்டி இழுத்தால்தான் கிழியும். குழாய்களையே இடம் மாற்றி வைக்கும் அறுவையைப் பிரேசிலில் ஜடேனி 1975இல் செய்துகாட்டினார். அதுவரை பிறந்த பிள்ளையைத் தாக்குப்பிடிக்க வைத்தது பெரும்பாலும் இந்த இழுப்புதான். இன்றைக்கும் அறுவைக்கு முன்னால் தேவைப்பட்டால் இதே இழுப்புதான். சில சமயம் தொப்புள் வழியாகவே போய்விடுகிறார்கள்.

பெரியம்மா ரொம்ப நேரம் யோசித்தாள். “அங்க ஓட்டை போட்டுப் பிழைக்க வைக்கான். நம்ம பயலுக்கு ஓட்டைய அடைச்சுப் பிழைக்க வைக்கான். என்னய்யா நாயம்?”

“எல்லா ஊருக்கும் ஜங்ஷன் வேணுமா பெரியம்மா?”

கிட்டத்தட்ட அதே சமயம் கிழக்கு பெர்லினில் இன்னொரு வெர்னர், வெர்னர் போர்ஸ்ட்மன், கிராஸ் நெஞ்சைத் திறந்து கட்டிய அதே குறுக்குக் குழாயைத் தொடை வழியாகப் போய்த் தக்கை வைத்து அடைத்தார். எந்த ஆஸ்பத்திரியில்? ஃபோர்ஸ்மனைச் சர்க்கஸுக்குப் போகச் சொன்ன சாரிட்டேயில்.

நடுச்சுவர் ஓட்டையைக் குழாய் வழியாக முதலில் அடைத்தவர்கள் நியூ ஆர்லியன்ஸில் கிங், மில்ஸ் என்ற இருவர், 1975. சின்னக் குடை இரண்டு. சுவரின் அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று, நடுவில் பூட்டு. நல்ல யோசனை. ஆனால் குடை போக வேண்டிய குழாயின் பருமன் ஏழரை மில்லிமீட்டருக்கு மேல். ஏழரை என்றாலே நம் ஆட்கள் எள் விளக்குப் போடக் கிளம்பிவிடுவார்கள். சின்னப் பிள்ளையின் ரத்தக்குழாய்க்கு அது நிஜமாகவே சனி. குடை மடங்கிக் கிடந்தது.

அதைத் தீர்த்த உலோகம் போர்க்கப்பல்காரர்களிடமிருந்து வந்தது. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் புயூலர் என்பவர் நிக்கலும் டைட்டானியமும் கலந்து ஒரு தகடு செய்துவைத்திருந்தார். 1960-களின் தொடக்கத்தில் ஒரு கூட்டத்தில், விசிறி மடிப்பாக மடித்த அந்தத் தகட்டைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அதிகாரி சும்மா இருக்காமல் புகைக்குழாய் பற்றவைக்கும் லைட்டரைக் காட்டினார். தகடு தானாக நிமிர்ந்து பழைய வடிவத்துக்கு வந்தது. நிட்டினால். கூட்டத்தில் சும்மா இருக்க முடியாதவர்களால் எத்தனை நல்லது நடக்கிறது!

ஆஸ்திரியாவிலிருந்து மினசோட்டா போன கதிரியக்க மருத்துவர் கர்ட் ஆம்ப்லாட்ஸ், 1990-களில் அந்த உலோகத்தின் மெல்லிய கம்பியைப் பின்னி உடுக்கை மாதிரி ஒன்று செய்தார். இரண்டு பக்கமும் தட்டு, நடுவில் இடுப்பு. இழுத்தால் நூல் மாதிரி நீண்டு சின்னக் குழாய்க்குள் போய்விடும். வெளியே தள்ளினால் தான் உடுக்கை என்பது அதற்கு ஞாபகம் வந்துவிடும். இடுப்பு ஓட்டைக்குள், தட்டுகள் சுவருக்கு இருபுறமும். ஆறு மாதத்தில் மேலே திசு படர்ந்து சுவரோடு சுவராகிவிடும். எங்கள் பயல் நெஞ்சுக்குள் இருப்பது அந்தச் சாதியைச் சேர்ந்த உடுக்கைதான். மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிலையமும் பெங்களூர் விமான ஆய்வுக்கூடத்தின் உலோகத்தில் இப்படி ஒன்றைச் செய்து, 2020இல் தயாரிப்புக்குக் கைமாற்றியிருக்கிறது.

வழி தெரிந்துவிட்டதால் ஆளாளுக்குப் புறப்பட்டுவிட்டார்கள். டாசிக் இருந்த அதே பால்டிமோர் ஆஸ்பத்திரியில் ஜீன் கான் 1982லேயே பிள்ளைகளின் ஒட்டிக்கொண்ட வால்வைப் பலூனால் திறந்திருந்தார். 2000இல் பாரிஸில் போன்ஹோஃபர், மாட்டுக் கழுத்து ரத்தக்குழாயில் இருக்கும் வால்வை எடுத்துக் குழாய் வழியாகவே பிள்ளை இதயத்தில் பொருத்திவிட்டார். கோபாலன் ஊரில் இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம் என்று பெரியம்மா ஜாடை காட்டினாள். 2019இல் 700 கிராம் எடைப் பிள்ளைக்கும் அந்தக் குறுக்குக் குழாயை அடைக்கும் கருவிக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. முக்கால் கிலோ பால்கோவாப் பொட்டலத்தைவிட லேசான பிள்ளை. கருவி ஒரு பட்டாணி அளவுதான்.

அழகாபுரி தாண்டியது. பெரியம்மா பேரனின் டவுசரைக் கொஞ்சம் இறக்கித் தொடை மடிப்பைப் பார்த்தாள். ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு கட்டு. அவ்வளவுதான். அந்தத் துணியைத் தடவிப் பார்த்தாள். பெரியம்மா கல்யாணத்துக்கு முன்னால் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறியில் இருந்தவள்.

“இது நம்ம பக்கத்துத் துணிதான்.”

“எப்படித் தெரியும்?”

“தெரியும்யா.”

அதற்குமேல் நான் கேட்கவில்லை. ஜெர்மனி, அமெரிக்கா என்று ஒன்றரை மணி நேரம் அளந்தவனுக்கு அவள் கொடுத்த பதில் அது.

கிருஷ்ணன்கோவிலில் இறங்கினோம். கல்லூரி பஸ்கள் வரிசையாக மறித்து நின்றன. குதிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பயல் கடைசிப் படியிலிருந்து குதித்தான். பெரியம்மா போட்ட கூச்சலில் வத்திராயிருப்பு பஸ் டிரைவர் எட்டிப் பார்த்தார்.

சாயங்காலம் வீட்டுப் பின்னால் பயலும் அவன் கூட்டாளிகளும் கூடி நின்றார்கள். பழைய ரேடியோ ஸ்பீக்கரை உடைத்து எடுத்த காந்தம் ஒன்று அவன் கையில். நெஞ்சில் இரும்பு வைத்திருக்கிறார்கள் என்று பந்தயம் கட்டியிருக்கிறான். பந்தயம் நாலு கோலிக்குண்டு. சட்டையைத் தூக்கிவிட்டு நெஞ்சில் வைத்தான். விழுந்தது. இடம் மாற்றி வைத்தான். விழுந்தது. நிட்டினாலில் காந்தம் ஒட்டாது என்று நான் சொல்லப் போனால் அது எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்வதாகிவிடும், பேசாமல் நின்றேன். பெரியம்மா காந்தத்தை எடுத்துக் கொஞ்சம் எச்சில் தொட்டு, அவன் நெஞ்சில் அழுத்தி, விரலால் பிடித்துக்கொண்டே, “இந்தா ஒட்டிருச்சுல்ல, குண்டக் குடுங்கடா” என்றாள்.